காய்ச்சலோடு நெஞ்சு வலி: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இருபத்தெட்டு வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்றும் தெருவில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்று யாராவது நிறுத்துவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அதில் பாதி ஒரே கேள்விதான்: "காய்ச்சல் அடிக்குது, நெஞ்சும் வலிக்குது, என்னவா இருக்கும்?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் கேட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு இப்போதே கிளம்ப வேண்டும், டாக்டரிடம் எதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

எப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசி முடிக்க முடியவில்லை என்றால் கிளம்புங்கள். உதடும் நகமும் நீலம் பாரித்தால், சளியில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால், ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், காலையிலிருந்து சிறுநீரே சரியாகப் போகவில்லை என்றால் கிளம்புங்கள். நெஞ்சை அழுத்திப் பிசைகிற வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, உடம்பு குளிர்ந்து வியர்த்தால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம்.

கையில் கடிகாரம் இருந்தால் மூச்சை எண்ணலாம். பெரியவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கு முப்பதோ அதற்கு மேலோ போனால் ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. பேட்டரி போட்டு விரலில் மாட்டிப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே காட்டினால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மூச்சுத் திணறுகிறவரை பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் இறுக்கி உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள். நெஞ்சு விரிய இடமில்லாமல் வழியிலேயே மோசமாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 108 வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது. வண்டி வரும்வரை அவரைப் படுக்க வைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். மயக்கமாக இருந்தால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

காய்ச்சல் இருக்கிறதே, அப்படியானால் மாரடைப்பு இல்லைதானே?

அப்படி நினைத்துத்தான் பலர் ஒரு ராத்திரியைத் தள்ளிப் போடுகிறார்கள். மாரடைப்பு வந்தவருக்கும் முதல் ஓரிரு நாளில் லேசான காய்ச்சல் வரலாம். இன்னொரு வழியும் உண்டு. ஃப்ளூ, நிமோனியா மாதிரி கடுமையான தொற்று வந்த நாட்களில் ஏற்கெனவே அடைப்பு இருக்கிற ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பே வலியில்லாமல், வெறும் மூச்சிரைப்பாகவும் வியர்வையாகவும் வரும். "வாயுப் பிடிப்பு" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுத்தவர்களில் சிலர் காலையில் எழுந்திருக்கவில்லை.

ஈ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுக்கலாம். 2023லிருந்து தமிழ்நாட்டில் "இதயம் காப்போம்" திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தவுடன் அங்கேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என்று மொத்தம் பதினான்கு மாத்திரை. இதைக் கேள்விப்பட்டு, காய்ச்சலோடு நெஞ்சு வலி வந்தவருக்கு வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். ஈ.சி.ஜி. பார்த்த கைதான் அதைக் கொடுக்க வேண்டும்.

வலியை வைத்து என்ன நோய் என்று சொல்ல முடியுமா?

முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை வலியே காட்டிக் கொடுக்கும்.

"மூச்ச இழுத்தா விலாவுல ஊசியால குத்துற மாதிரி இருக்கு, இருமினா உசுரே போகுது" என்றால், நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் அழற்சி. நிமோனியாவிலும் காசநோயிலும் இப்படி வரும். மல்லாந்து படுத்தால் நெஞ்சு நடுவில் வலி கூடி, எழுந்து முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்தால் அது இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் வேலை. வலது விலாவுக்குக் கீழே கனத்து, வலது தோள்பட்டை வரை இழுத்தால் கல்லீரலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பக்கம் பட்டை போல எரிந்து, சட்டை பட்டாலே சுருக்கென்றால் அக்கியாக இருக்கலாம். விரலால் ஒரு இடத்தை அழுத்தினால் "ஆ, அங்கதான்" என்று துள்ளினால், இருமி இருமி விலா எலும்புத் தசை நொந்திருக்கலாம். இந்தக் கடைசி வகை பயப்படத் தேவையில்லாதது. ஆனாலும் இருமல் எதனால் வந்தது என்று பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

நிமோனியா என்றால் நெஞ்சில் சளி கட்டுவதுதானே? ஆவி பிடித்தால் போகாதா?

சளி கட்டுவது வேறு, இது வேறு. காற்று நிரம்ப வேண்டிய நுரையீரலின் சின்னச் சின்ன அறைகளில் கிருமியால் சீழும் நீரும் நிரம்பிவிடுவதுதான் நிமோனியா. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இருமல், மஞ்சளாகவோ துரு நிறத்திலோ சளி, மூச்சிரைப்பு, மூச்சிழுத்தால் குத்தல். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு திறக்கும், அவ்வளவுதான். நுரையீரலுக்குள் இருக்கிற சீழுக்கு அது போய்ச் சேராது. ஆண்டிபயாடிக்தான் வேண்டும், டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சல் வராமலே போகலாம், இருமல்கூடப் பெரிதாக இருக்காது. "ரெண்டு நாளா ஆத்தா சாப்பிடல, சும்மா படுத்தே கிடக்கு, பேரனையே யாருன்னு கேக்குது" என்று சொல்லி அழைத்து வருவார்கள். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு பக்கம் முழுக்க மொறுமொறு சத்தம். வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல், புதிதாக வந்த குழப்பத்தை நோயாகப் பாருங்கள்.

எக்ஸ்ரேயில் "நீர் கோத்திருக்கு" என்கிறார்கள். டி.பி.யாக இருக்குமோ?

இருக்கலாம். நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவில் நீர் சேர நிமோனியா, டெங்கு, இதயக் கோளாறு, புற்றுநோய் என்று பல காரணம் உண்டு. ஆனால் நம் நாட்டில் இளவயதுக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து, சாயங்காலமானால் காய்ச்சலும் வந்தால் முதலில் நினைப்பது காசநோயைத்தான். ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். பயந்து ஓடிவிட வேண்டாம். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்வார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம். இதில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியிருக்கிறார்கள். உதவி எண் 1800-11-6666.

நம் பக்கத்துப் பெரியவர்கள் டி.பி. என்ற சொல்லைக் கேட்டதும் "செங்கிப்பட்டிக்கு அனுப்பிடுவாங்களா?" என்று கலங்குவார்கள். அங்கே காசநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் அந்த ஊர்ப் பெயரே பயமாகிவிட்டது. இப்போது பெரும்பாலானோர் வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்து ஒருவரை நோகடிக்க வேண்டியதில்லை. அது காற்றில் பரவும் நோய், தட்டில் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வீட்டில் இருக்கிற மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நான் வயலில் இறங்கி வேலை செய்கிறவன். அதற்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தால் "காய்ச்சல், நெஞ்சு வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கடைசி மூன்று வாரம் எங்கே நின்றோம், எந்தத் தண்ணீரில் கால் வைத்தோம் என்று நாமும் சொல்வதில்லை, கூட்டத்தில் டாக்டருக்கும் கேட்க நேரமில்லை. டெல்டாவில் அந்த ஒரு வரிதான் பல நேரம் நோயைக் கண்டுபிடிக்கிறது.

முதலில் எலிக்காய்ச்சல். எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீரில் இருக்கிற லெப்டோஸ்பைரா என்ற கிருமி, தேங்கிய தண்ணீர் வழியாக நம் காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியே உள்ளே போகிறது. நடவு, களையெடுப்பு, வாய்க்கால் வெட்டு என்று வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவர்கள், வரப்பில் கிட்டி வைத்து எலி பிடித்து அதைக் கையால் எடுக்கிறவர்கள், மாட்டுக்கொட்டகை கூட்டுகிறவர்கள், எல்லாருக்கும் இது வரலாம். பெரும்பாலும் தண்ணீரில் இறங்கிய ஐந்து முதல் பதினான்கு நாளில் திடீர்க் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு, நுரையீரலுக்குள் ரத்தக் கசிவு. அப்போதுதான் நெஞ்சு வலியும், ரத்தம் கலந்த சளியும், மூச்சுத் திணறலும் வரும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் மாதிரி பழைய, விலை குறைந்த மருந்துகளே கேட்கும். தாமதமானால் டயாலிசிஸ், வென்டிலேட்டர் என்று போய்விடும்.

அடுத்தது உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் என்பார்கள். மாட்டு உண்ணி இல்லை இது. புதர், புல்வெளி, தரிசு, வைக்கோல் போர் ஓரம் இருக்கிற கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் தமிழ்நாட்டில் நிறைய. கடித்த இடத்தில் வலிக்காத, அரிக்காத கருப்புப் பொருக்கு ஒன்று உண்டாகும். அதுவும் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி, இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடம் என்று மறைவிடங்களில்தான்.

ஒரத்தநாடு பக்கத்து அம்மா ஒருவர் நினைவுக்கு வருகிறார். அறுபது வயசிருக்கும், ஆடு மேய்ப்பவர். ஒன்பது நாள் காய்ச்சல், நெஞ்சு அடைக்கிற மாதிரி மூச்சிரைப்பு. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை மூட்டம். ராத்திரி வேர்த்த ரவிக்கையை மாற்ற நான் திரையை இழுத்துவிட்டு உதவிக்குப் போனேன். இடது மார்பைத் தூக்கித் துடைத்தபோது அடியில் பயறு அளவுக்கு ஒரு கருப்புப் பொருக்கு, சிகரெட்டால் சுட்ட மாதிரி, சுற்றி ஒரு சிவப்பு வளையம். "இது எப்பம்மா வந்தது?" என்றேன். "அதுவா, ஏதோ பூச்சி கடிச்ச புண்ணு, அத விடும்மா, மூச்சுக்கு எதாச்சும் குடு" என்றார். ராத்திரியே டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்து இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். வெட்கப்பட்டு உடம்பைக் காட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீட்டில் யாருக்காவது நாலைந்து நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் குளிக்கும்போது தலையிலிருந்து கால் வரை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதை டெல்டாவில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்: மெலியாய்டோசிஸ். 1911இல் ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் முதலில் கண்ட நோய் இது. கிருமி மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிறது, குறிப்பாக நெல் வயல்களில். கனமழை, புயலுக்குப் பிறகு மேலே வருகிறது. கால் புண் வழியாகவோ, புயல் காற்றில் மூச்சு வழியாகவோ உள்ளே போகும். நல்ல உடம்புக்காரரைப் பெரும்பாலும் விட்டுவிடும். சர்க்கரை நோயாளி, அதிகம் குடிப்பவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இவர்களைத்தான் பிடிக்கும். நிமோனியா மாதிரி வரும், நுரையீரலில் கட்டி வைக்கும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் வைக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் அச்சு அசல் டி.பி. மாதிரியே இருக்கும்.

என் பெரியப்பா மகனுக்கு அதுதான் நடந்தது. மன்னார்குடி பக்கம் விவசாயம், பத்து வருடச் சர்க்கரை. ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு சம்பாப் பயிருக்குள் தண்ணீர் பாய, ராத்திரி முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் மூட்டை அடுக்கினார். பத்து நாளில் காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி. முதலில் பார்த்த இடத்தில், சளியில் டி.பி. கிருமி இல்லாமலே எக்ஸ்ரேயை மட்டும் வைத்து டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை, பத்து கிலோ இளைத்துவிட்டார். பிறகு சேர்த்த இடத்தில் ஒரு இளம் டாக்டர் "என்னண்ணே வேலை பாக்குறீங்க?" என்று கேட்டு, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். அதில்தான் தெரிந்தது. இரண்டு வாரம் நரம்பில் ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை. பிழைத்துவிட்டார். தண்ணீரில் நின்றதை அண்ணன் முதலிலேயே சொல்லவில்லை, செவிலியரான நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே, சர்க்கரை உள்ளவர் வயலில் இறங்கிய பிறகு நிமோனியா வந்தால், அல்லது டி.பி. மருந்து சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், "பிளட் கல்ச்சர் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

டெங்குவில் நெஞ்சு வலி வருமா?

வரும், அதுவும் காய்ச்சல் விட்ட பிறகு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் "அப்பாடா" என்று மூச்சு விடுவார்கள். ஆனால் டெங்குவில் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக்குள்ளும் வயிற்றிலும் சேரும். அதனால் நெஞ்சு கனம், மூச்சுத் திணறல், விடாத வயிற்று வலி, வாந்தி, கைகால் சில்லிடல் வரும். இதயத் தசையையும் அது தொடலாம். தட்டணுக்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த அறிகுறிகளைப் பாருங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

வலது பக்கம் விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல். இதுவும் நெஞ்சு நோய்தானா?

கல்லீரலில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். நெஞ்சு வலி என்று சொல்லித்தான் வருவார்கள், ஏனென்றால் ஈரல் விலாக்கூட்டுக்குள்தான் இருக்கிறது. அசுத்தமான தண்ணீர் வழியாக வருகிற அமீபா ஒரு முக்கியக் காரணம். அதிகம் குடிக்கிற நடுவயது ஆண்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சிழுத்தால் வலிக்கும், வலது தோள் இழுக்கும், குளிர் காய்ச்சல் வரும், இருமலும் வரும். எக்ஸ்ரேயில் சந்தேகம்தான் வரும், வயிற்று ஸ்கேனில் நன்றாகத் தெரிந்துவிடும். மெட்ரோனிடசோலுக்குக் கேட்கும். கட்டி பெரிதாக இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாகச் சீழை எடுப்பார்கள். தள்ளிப் போட்டால் நெஞ்சுக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ உடைந்துவிடும்.

வைரஸ் காய்ச்சல் வந்து போன பையனுக்கு நெஞ்சு படபடப்பும் வலியும். பயமா?

சும்மா விடக் கூடாது. வைரஸ் தொற்று சில நேரம் இதயத்தின் உறையைப் பிடிக்கும், சில நேரம் இதயத் தசையையே பிடிக்கும். உறை என்றால் படுத்தால் வலி கூடும், குனிந்தால் குறையும். நம் நாட்டில் காசநோயும் அந்த உறையில் நீர் கோக்க வைக்கும். தசை என்றால் படபடப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல், மயக்கம் வரும். ஈ.சி.ஜி., எக்கோ என்கிற இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை செய்து சொல்வார்கள். தசையில் அழற்சி என்று தெரிந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் ஓட்டம், கபடி, கிரிக்கெட் எதுவும் கூடாது. "பையன் நல்லாத்தான் இருக்கான்" என்று பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். இந்த நேரத்துக் கடும் உழைப்பு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கித் திடீரென்று உயிரையே எடுத்துவிடும்.

குழந்தைகளுக்கு எப்படிக் கண்டுபிடிப்பது? அவர்களுக்குச் சொல்லத் தெரியாதே?

சட்டையைத் தூக்கிவிட்டு, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்கவில்லை என்றால், துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரி. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் "வயிறு வலிக்குது" என்பார்கள், நோய் நுரையீரலின் அடியில் இருக்கும். நிமோனியாவுக்கான பி.சி.வி. தடுப்பூசி 2021லிருந்து அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போய் இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், முட்டி, கணுக்கால் என்று மூட்டு மாறி மாறி வீக்கமும், நெஞ்சு வலியும் வந்தால் அது ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு சரியாகிவிடும், இதய வால்வு சரியாகாது. மறுபடி வராமல் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல வருடம் போட வேண்டும். ஊசி வலிக்கும்தான், பிள்ளை அழும்தான், ஒரு தவணையும் விடாதீர்கள்.

நெஞ்சில் ஒரு பக்கம் எரிச்சல், அப்புறம் கொப்புளம். அக்கி எழுதினால் போதுமா?

கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலியும் லேசான காய்ச்சலும் வந்துவிடுவதால் பலர் இதய நோய் என்று பயந்து வருவார்கள். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து இப்போது எழுகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி பூசி அக்கி எழுதிக்கொள்வது நம் பழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையும் ஆரம்பித்துவிடுங்கள். தாமதமானால் கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கும். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் எதையும் பூச வேண்டாம்.

வைக்கோல் போர் பிரித்த அன்று ராத்திரி மட்டும் காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் வருகிறதே?

நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலின் தூசி சிலர் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாது. பிரித்த நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், இருமல் வந்து ஓரிரு நாளில் தானே போகும். தொற்று இல்லை என்பதால் ஆண்டிபயாடிக் கேட்காது. திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் நிரந்தரமாகத் தடித்துப் போகும். அந்த வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

பிரசவம், ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருப்பவருக்கு வந்தால்?

காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கியிருந்து, திடீரென்று மூச்சிரைப்பும் குத்தலும் லேசான காய்ச்சலும் வந்தால் 108. காலை நீவிவிடாதீர்கள்.

மெடிக்கலில் "செட்" மாத்திரை வாங்கி இரண்டு வேளை பார்க்கலாமா?

வேண்டாம். காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற அந்த நாலு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாளைக்குப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அதில் குட்டி மாத்திரை ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். காய்ச்சலையும் வலியையும் ஒரே நாளில் அமுக்கிவிடும், உள்ளே நோய் வளரும், சர்க்கரை எகிறும். சில ஆண்டிபயாடிக்குகள் டி.பி.யைப் பாதி அடக்கிக் கண்டுபிடிப்பதை வாரக்கணக்கில் தள்ளிவிடும். ராத்திரி நேரம், முதலில் சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை, வேறு வழியும் இல்லை என்றால் பாரசிட்டமால் ஒன்று போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். ஏற்கெனவே செட் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? என்ன பரிசோதனை செய்வார்கள்?

ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள், வலி மூச்சிழுத்தால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா. சர்க்கரை, பிரஷர் மாத்திரை எது. அப்புறம் அந்த மூன்று வாரக் கணக்கு: வயலில் இறங்கினேன், எலி பிடித்தேன், வெள்ளத்தில் நின்றேன், ஆடு மேய்த்தேன், வீட்டில் இன்னொருவருக்கு இருமல். சாதாரணமாக ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம், ஈரல் பரிசோதனை முதலில் வரும். தேவைப்பட்டால் சளி, பிளட் கல்ச்சர், ஸ்கேன், எக்கோ. முடிந்தால் ஆண்டிபயாடிக் ஊசிக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துவிடுவது நல்லது, பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதுவும் கையை மீறிப் போகும் தூரத்தில் நாம் இல்லை.

குணமாகிவிட்டது. மறுபடி எப்போது வயலில் இறங்கலாம்?

நிமோனியா என்றால் காய்ச்சல் ஒரு வாரத்தில் விடும், ஆனால் அசதி ஒன்றிரண்டு மாதம் இருக்கும். அவசரப்பட்டு நாற்றுக்கட்டு தூக்க வேண்டாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவரும் ஐம்பது வயதைத் தாண்டியவரும் ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அந்த மூட்டம் முழுதாகக் கரைந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். நிமோனியாவுக்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

இறங்கும்போது காலில் வெடிப்பும் புண்ணும் ஆறியிருக்க வேண்டும். சேற்றில் பூட்ஸ் போட்டு நடவு நட முடியாது என்பது எனக்கும் தெரியும். களையெடுப்புக்கும் வாய்க்கால் வேலைக்குமாவது போட்டுக்கொள்ளுங்கள். புண் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கரையேறியதும் போர் தண்ணீரில் சோப்புப் போட்டு முட்டி வரை கழுவுங்கள். எங்கள் அண்ணன் இப்போது மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு சோப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், ஆள்காரர்கள் யார் கரையேறினாலும் கழுவிவிட்டுத்தான் டீக்கு வரவேண்டும்.